காசோலை திரும்பியது ஜூலை 7, தடைக்காலம் ஜூலை 25: பதினெட்டு நாள் இடைவெளியில் விழுந்த ஒரு 138 வழக்கு

பின்னணி

ஒரு தனியார் நிறுவனம், ஒரு மொத்த வணிகரைத் தன் சூப்பர் ஸ்டாக்கிஸ்டாக நியமித்து ஒப்பந்தம் போட்டது. சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் என்பவர் நிறுவனத்திடமிருந்து சரக்கை மொத்தமாக எடுத்து, கீழே இருக்கும் விநியோகஸ்தர்களுக்குப் பிரித்து அனுப்புபவர். இந்த வியாபாரத்தில் பணம் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. வணிகர் வைப்புத் தொகை கட்டுவார், முன்பணம் அனுப்புவார். விற்காத சரக்கைத் திருப்பினால் அதற்கான கிரெடிட், ஸ்கீம் கழிவு, கமிஷன் என்று நிறுவனமும் அவருக்குத் தர வேண்டியது சேர்ந்துகொண்டே போகும். நிறுவனம் நன்றாக ஓடும் வரை யாரும் கணக்கைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள்.

இந்த உறவில் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர் கையெழுத்திட்டு, வணிகருக்கு 11 காசோலைகள் கொடுத்தார். மொத்தம் 11,17,326 ரூபாய். காசோலைகள் நிறுவனக் கணக்கின் மேல் எழுதப்பட்டவை. இயக்குநரின் சொந்தக் கணக்கின் மேல் அல்ல. பின்னால் வழக்கு திரும்பிய இடம் இதுதான்.

இந்த வழக்கில் 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. செக் மோசடி வழக்கு (காசோலை திரும்பியதற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் போடும் குற்றவியல் வழக்கு) நடத்துகிறவர்களும் விநியோக ஒப்பந்தம் எழுதுகிறவர்களும் அதைத் தேதி தேதியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. தொகை சிறியதுதான். ஆனால் குற்றவியல், திவால், ஒப்பந்தம் என்ற மூன்று சட்டங்களும் ஒரே காசோலைக் கட்டில் இவ்வளவு தெளிவாக மோதும் வழக்குகள் குறைவு.

தேதிகள்

2018 ஜூலை 7, சனிக்கிழமை: காசோலைகள் பணமாகாமல் திரும்பின.

ஜூலை 25, புதன்கிழமை: நிறுவனத்தின் மீதான திவால் தீர்வு நடவடிக்கை தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, நிறுவனத்தின் மீதான வழக்குகளையும் வசூலையும் நிறுத்திவைக்கும் தடைக்காலம் (மொரட்டோரியம்) அமலுக்கு வந்தது. நிறுவன நிர்வாகத்தை ஏற்க இடைக்காலத் தீர்வு நிபுணர் (ஐ.ஆர்.பி.) நியமிக்கப்பட்டார்.

ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை: வணிகர் தரப்பு, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

செப்டம்பர்: பணம் வரவில்லை என்று நடுவர் நீதிமன்றத்தில் குற்றமுறையீடு தாக்கலானது. இயக்குநருக்குச் சம்மன் போனது.

முதல் தேதியிலிருந்து மூன்றாம் தேதிக்குச் சரியாக 30 நாள். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பது 138-இன் நிபந்தனை. எண்ணும்போது முதல் நாளை விட்டுவிட வேண்டும். அப்படி எண்ணினால் ஆகஸ்ட் 6 கடைசி நாள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. பெரும்பாலான வக்கீல் அலுவலகங்களில் நடப்பதுதான். கட்சிக்காரர் பேசிப் பார்க்கிறேன் என்பார், எதிர்த்தரப்பு அடுத்த வாரம் என்று சொல்லும், கெடு முடியும் நாளில் நோட்டீஸ் தபாலுக்குப் போகும். இந்த வழக்கில் மட்டும் அதற்கிடையில் ஜூலை 25 வந்துவிட்டது.

கீழ் நீதிமன்றங்களில்

இயக்குநர், வழக்கை ரத்து செய்யக் கோரி அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவில் பஞ்சாப் மற்றும் ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். (இன்று அதே அதிகாரம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528-வது பிரிவில் இருக்கிறது.) தடைக்காலம் வந்த பிறகு நோட்டீஸ் வந்தது, பணம் கொடுக்கும் அதிகாரமே தன்னிடம் இல்லை என்பது அவர் வாதம்.

2021 டிசம்பர் 21 அன்று உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்புதான் அடிப்படை. 138 வழக்கு அரைக் குற்றவியல் தன்மை கொண்டது, அதனால் தடைக்காலத்தில் நிறுவனத்தின் மீது அதைத் தொடரவோ தொடங்கவோ முடியாது. ஆனால் 14-வது பிரிவின் காப்பு நிறுவனத்துக்கு மட்டும்தான், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141-வது பிரிவில் வரும் இயக்குநர், கையெழுத்திட்டவர் போன்ற மனிதர்கள் மீது வழக்கு நடக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

அதன் பிறகு நாடு முழுவதும் நடுவர் நீதிமன்றங்கள் இதை ஒற்றை வரிச் சூத்திரமாக எடுத்துக்கொண்டன: கம்பெனிக்குத் தடை, டைரக்டருக்குத் தடை இல்லை. உயர் நீதிமன்றமும் அந்த வரியோடு நின்றது. 2021 தீர்ப்புக்குக் காரணமான வழக்கில் நோட்டீஸும் பணம் தராத நிலையும் தடைக்காலத்துக்கு முன்னால் வந்தனவா, பின்னால் வந்தனவா என்று அது பார்க்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் முடிவும் காரணமும்

உச்ச நீதிமன்றம் முதலில் கேட்டது, 138-வது பிரிவுக் குற்றம் எந்த நாளில் முழுமையடைகிறது என்பதை. காசோலை திரும்புவது மட்டும் குற்றமல்ல. செல்லுபடிக் காலத்துக்குள் அது வங்கியில் போடப்பட வேண்டும், திரும்ப வேண்டும், 30 நாளுக்குள் எழுத்துமூலம் கேட்க வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராமல் போனால்தான் குற்றம். வழக்கு மூலம் (வழக்குப் போடும் உரிமையைத் தரும் காரணம்) எழுவது அந்தப் பதினைந்தாம் நாள் முடிந்த பிறகு.

ஆகஸ்ட் 6 நோட்டீஸ் அன்றே கைக்குப் போயிருந்தாலும் 15 நாள் ஆகஸ்ட் 21-இல் முடிகிறது. அப்போது நிறுவனம் தடைக்காலத்துக்குள் வந்து கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆகிவிட்டது. 2021 தீர்ப்பில் இருந்த வழக்கில் வழக்கு மூலம் தடைக்காலத்துக்கு முன்பே எழுந்துவிட்டது. இதில் பின்னர் எழுகிறது. ஆகவே அந்தத் தீர்ப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்றது நீதிமன்றம்.

இந்தத் தேதி வேறுபாட்டை விட வலுவான காரணம் திவால் சட்டத்தின் 17-வது பிரிவில் இருக்கிறது. ஐ.ஆர்.பி. நியமிக்கப்பட்ட நாளிலிருந்து இயக்குநர் குழுவின் அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன; ஐ.ஆர்.பி. அவற்றைச் செலுத்துகிறார். நிறுவனத்தின் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் அவர் சொல்படிதான் நடக்க வேண்டும். அதாவது, ஆகஸ்டில் நோட்டீஸ் பெற்ற இயக்குநர் நிறுவனக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க நினைத்தாலும் முடியாது. சட்டமே ஒரு செயலைச் செய்யவிடாமல் தடுத்துவிட்டு, அதைச் செய்யவில்லை என்று தண்டிக்க முடியாது. 141-வது பிரிவும் குற்றம் நடந்த நேரத்தில் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவரைத்தான் பிடிக்கிறது. நோட்டீஸ் வந்த நேரத்தில் இவர் பொறுப்பில் இல்லை.

தடைக்காலம் தொடங்கியதும் ஐ.ஆர்.பி. பொது அறிவிப்பு விட்டுக் கடன்காரர்களின் (நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியவர்களின்) கோரிக்கைகளைக் கேட்டார் என்பதும், வணிகரும் அங்கே கோரிக்கை தாக்கல் செய்திருந்தார் என்பதும் இயக்குநர் தரப்பில் தெரிவிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை நீக்கி, சம்மனையும் குற்றமுறையீட்டையும் ரத்து செய்தது. காசோலை திரும்பி ஆறு ஆண்டு எட்டு மாதம் ஓடியிருந்தது.

நோட்டீஸை உடனே அனுப்பியிருந்தால்?

தீர்ப்பைப் படித்ததும் பலரும் சொன்ன பாடம், நோட்டீஸை 30-ஆம் நாள் வரை இழுக்காதே என்பது. சரியான பாடம்தான், ஆனால் இந்த வழக்கில் அதுவும் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜூலை 7 சனிக்கிழமை. வங்கியின் ரிட்டன் மெமோ (காசோலை திரும்பியதைச் சொல்லும் சீட்டு) அன்றே கைக்கு வந்தது என்றும், வக்கீல் திங்கட்கிழமை 9-ஆம் தேதி ஸ்பீட் போஸ்ட் போட்டார் என்றும், அது மறுநாளே சேர்ந்தது என்றும் வைத்துக்கொள்வோம். 10-ஆம் தேதியை விட்டு எண்ணினால் பதினைந்தாம் நாள் ஜூலை 25. தடைக்காலம் வந்த அதே நாள். வழக்கு மூலம் 26-இல்தான் எழும். 9-ஆம் தேதியே ஆள் அனுப்பி நேரில் கொடுத்திருந்தால் 15 நாள் 24-ஆம் தேதியோடு முடியும். வழக்கு மூலமும் தடைக்காலமும் 25-ஆம் தேதியில் ஒன்றன் மேல் ஒன்று விழும். அந்த நாளை யார் பக்கம் வைப்பது என்று தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

ஆக, ஜூலை 7-இல் காசோலை திரும்பியபோதே வணிகரின் குற்றவியல் வழக்கு ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. காசோலையை வங்கியில் எந்தத் தேதியில் போடுவது என்று முடிவெடுத்த இடத்தில்தான் இது தீர்மானமானது. மெமோ வர ஓரிரு நாள், நோட்டீஸ் தயாராகிச் சேர மூன்று நான்கு நாள், பிறகு 15 நாள். எவ்வளவு வேகமாக ஓடினாலும் காசோலை போட்ட நாளிலிருந்து வழக்கு மூலம் எழ மூன்று வாரம் வேண்டும்.

திவால் மனு வானத்திலிருந்து விழுவதில்லை. தடைக்காலத்தைத் தொடங்கிவைக்கும் அனுமதி உத்தரவு வருவதற்கு முன் மனு தாக்கலாக வேண்டும், எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும். சட்டம் 14 நாள் என்று சொன்னாலும் நடைமுறையில் மாதங்கள் ஆகின்றன. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் (என்.சி.எல்.டி.) இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால் நிலுவை மனு தெரியும். வழக்குப் பட்டியலும் பொதுவெளியில் இருக்கிறது. பெரிய வாடிக்கையாளர் நிறுவனங்களை மாதம் ஒருமுறை இப்படித் தேடிப் பார்ப்பது கணக்குப் பிரிவில் ஒருவருக்கு அரை மணி நேர வேலை. மனு நிலுவையில் இருப்பது தெரிந்தால், கையில் இருக்கும் தேதியிட்ட காசோலைகளை அன்றே வங்கியில் போட்டுவிட வேண்டும்.

‘இன்னும் ஒரு வாரம் கழிச்சு மறுபடி போடுங்க சார், பணம் இருக்கும்’ என்ற பேச்சும் இங்கே ஆபத்து. செல்லுபடியாகும் மூன்று மாதத்துக்குள் காசோலையைத் திரும்பத் திரும்பப் போடலாம், இரண்டாவது முறை திரும்பியதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று 2012-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. 30 நாள் கெடு தவறியவர்களுக்கு அது உயிர் கொடுக்கும் தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு மறுமுறையும் வழக்கு மூலத்தை மூன்று வாரம் தள்ளிப்போடுகிறது. தள்ளாடும் நிறுவனத்தின் காசோலையில் அந்த மூன்று வாரத்தைக் கொடுக்கக் கூடாது.

வணிகரிடம் மிஞ்சியது

குற்றவியல் வழக்கு போனாலும் கடன் போகவில்லை. அதைக் கேட்கும் இடம் மாறியது. ஐ.ஆர்.பி. தன் நியமனத்திலிருந்து மூன்று நாளுக்குள் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். கோரிக்கைக்குக் கடைசி நாள் நியமனத்திலிருந்து 14 நாள். சரக்கு, சேவை சார்ந்த கடனுக்கு ஃபார்ம் பி. இன்வாய்ஸ், லெட்ஜர் நகல், கிரெடிட் நோட்டுகள், ஒப்பந்தம், திரும்பிய காசோலை, ரிட்டன் மெமோ ஆகியவற்றை இணைக்க வேண்டும். பதினான்கு நாள் தவறினாலும் அன்றைய விதியில் 90 நாள் வரை இடம் இருந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, தீர்வுத் திட்டங்களுக்கு (நிறுவனத்தை எப்படி மீட்பது, கடன்களுக்கு எவ்வளவு தருவது என்ற திட்டங்களுக்கு) அழைப்பு வெளியாகும் நாள் அல்லது 90-ஆம் நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை தரலாம்.

அதையும் தவறவிட்டால் நிலைமை கடுமை. அங்கீகரிக்கப்பட்ட தீர்வுத் திட்டத்தில் இடம்பெறாத கோரிக்கைகள் அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. 138 வழக்கு நடக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபார்ம் பி போடாமல் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். இந்த வணிகர் கோரிக்கை போட்டிருந்தார் என்பது அவர் தரப்பில் சரியாக நடந்த காரியம்.

கோரிக்கை போட்டாலும் எவ்வளவு வரும் என்பதில் கனவு வேண்டாம். வணிகக் கடன்காரருக்குச் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சம், நிறுவனத்தைக் கலைத்து விற்றால் 53-வது பிரிவு வரிசையில் அவருக்கு என்ன கிடைக்குமோ, அல்லது தீர்வுத் திட்டத் தொகையை அதே வரிசையில் பிரித்தால் என்ன கிடைக்குமோ, இரண்டில் அதிகமானது. வங்கிகள், தொழிலாளர் நிலுவைகளுக்குப் பின்னால் நிற்பவருக்கு அது பல வழக்குகளில் சுழியம்தான்.

2018-க்கும் இன்றைக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. அப்போது ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருந்தாலே வணிகக் கடன்காரர் 9-வது பிரிவில் தானே திவால் மனு போடலாம். 2020 மார்ச் 24 முதல் அந்த வரம்பு ஒரு கோடி. பதினோரு லட்சம் பாக்கி உள்ள வணிகருக்கு இன்று அந்த மிரட்டலும் இல்லை. பிறர் போட்ட மனுவில் பின்னிருக்கையில் உட்கார வேண்டியவர்தான்.

எல்லா இயக்குநருக்கும் விடுதலை என்று படிக்க முடியாது

தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே ரத்து மனுக்களில் இது மேற்கோளாகத் தொடங்கியது. பல இடங்களில் பொருத்தமில்லாமல்.

வழக்கு மூலம் தடைக்காலத்துக்கு முன்பே எழுந்துவிட்டால் 2021 தீர்ப்புதான் இன்றும் சட்டம். நிறுவனத்தின் மீது வழக்கு நிற்கும்; இயக்குநர் மீது ஓடும். பிறகு தீர்வுத் திட்டம் அங்கீகாரம் பெற்று நிறுவனம் புதிய கைக்குப் போனாலும், கையெழுத்திட்டவரின் தண்டனைப் பொறுப்பு கரைந்துவிடாது என்று 2023 மார்ச் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

2025 மார்ச் 17 தீர்ப்பு வந்து சரியாகப் பதினைந்தாம் நாள், 2025 ஏப்ரல் 1 அன்று, வேறொரு அமர்வு எதிர்த்திசையில் ஒரு கதவைச் சாத்தியது. அங்கே இயக்குநர்கள் தங்கள் சொந்தப் பெயரில் 94-வது பிரிவுப்படி தனிநபர் திவால் மனு போட்டு, 96-வது பிரிவின் இடைக்காலத் தடையைக் காட்டி 138 வழக்கை நிறுத்தக் கேட்டார்கள். அந்தத் தடை கடன் சார்ந்த நடவடிக்கைகளுக்கு. காசோலை திரும்பியதற்கான தண்டனை வழக்கு கடன் வசூல் அல்ல, ஆகவே நிற்காது என்று நீதிமன்றம் மறுத்தது. இரண்டும் முரண்படவில்லை. 2025 மார்ச் தீர்ப்பில் இயக்குநரின் கையிலிருந்து நிறுவனக் கணக்கைச் சட்டம் எடுத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் தீர்ப்பில் முடிந்துபோன குற்றத்தின் விசாரணைக்குத் தடை கேட்டார்கள்.

மார்ச் தீர்ப்பில் ஒரு சங்கடமும் இருக்கிறது. காசோலை திரும்பியதும் நிறுவனமே 10-வது பிரிவில் தானாகத் திவால் மனு போட்டு, அனுமதி உத்தரவு விரைவில் வந்துவிட்டால், 15 நாள் முடியாத காசோலைகளுக்கு இயக்குநர் பொறுப்பிலிருந்து நழுவலாம். நல்லெண்ணமில்லாத மனுவுக்கு 65-வது பிரிவில் அபராதம் இருக்கிறது, ஆனால் காசோலை வைத்திருப்பவருக்கு அதனால் பணம் வராது. 17-வது பிரிவின் தர்க்கம் சரியாக இருக்கும்போதே அதன் விளைவு நேர்மையான வணிகரைத் தாக்குகிறது. இதற்கு மருந்து நாடாளுமன்றத்திடம் இருக்கிறது, நீதிமன்றத்திடம் இல்லை.

வழக்கு ஓடினாலும் உடனடிப் பணம் கிடைப்பது கடினம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143ஏ பிரிவில் நடுவர் காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம். ஆனால் அது காசோலை வழங்கியவருக்கு மட்டும். நிறுவனத்துக்காகக் கையெழுத்திட்ட இயக்குநர் அந்தப் பிரிவின் பொருளில் வழங்கியவர் அல்ல என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நிறுவனம் தடைக்காலத்தில் இருந்தால் அந்த 20 சதவீதத்தை யாரிடமும் கேட்க முடியாது.

ஒப்பந்தத்தில் மாற வேண்டியவை

வணிகர் நிறுவனக் காசோலையை மட்டும் நம்பியதுதான் இந்தக் கதையின் வேர். அடுத்த ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் பார்க்கலாம்.

வைப்புத் தொகைக்கு வட்டி எழுதுங்கள். இது வெறும் வருமான விஷயம் அல்ல. விற்பனை ஊக்குவிப்பாளர் ஒருவர் ஆண்டுக்கு 21 சதவீத வட்டியோடு ஒரு மதுபான நிறுவனத்திடம் வைத்த வைப்புத் தொகை, கடன் வாங்கியதற்குரிய வணிக விளைவைக் கொண்டது, எனவே நிதிக் கடன் என்று 2024 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிதிக் கடன்காரர் என்றால் ஃபார்ம் சி, கடன்காரர் குழுவில் இடம், ஓட்டு. வெறும் ‘செக்யூரிட்டி டெபாசிட்’ என்று எழுதிவிட்டால் மட்டும் இது கிடைக்காது. வட்டி, திருப்பித் தரும் கடமை, நிறுவனத்தின் கணக்கில் அது கடனாகக் காட்டப்பட்டது எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவுக்குக் கொண்டுபோகும்.

இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் அவருடைய சொந்தக் கணக்குக் காசோலையையும் தனியாக வாங்குங்கள். சொந்தக் கணக்குக் காசோலைக்கு வழங்குபவர் அவரே, நிறுவனத்துக்கு ஐ.ஆர்.பி. வந்தாலும் அவருடைய சேமிப்புக் கணக்கை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 17-வது பிரிவு வாதம் அங்கே எழாது. 14-வது பிரிவின் தடை உத்தரவாதம் தந்தவருக்குப் பொருந்தாது என்பதும் 2018 திருத்தத்தில் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. வங்கி உத்தரவாதம் கிடைத்தால் இன்னும் மேல். ஆனால் இந்த அளவு வியாபாரத்தில் நிறுவனங்கள் அதற்கு எளிதில் ஒத்துக்கொள்வதில்லை.

பரஸ்பரக் கழிப்புக்கு ஒரு ஷரத்து வேண்டும், அதைக் காலத்தில் பயன்படுத்தவும் வேண்டும். நிறுவனம் தர வேண்டியது பத்து லட்சம், வணிகர் சரக்குக்காகத் தர வேண்டியது ஆறு லட்சம் என்றால், கழித்துக்கொண்டு நான்கு லட்சத்துக்கு மட்டும் கோரிக்கை போடலாம் என்று தோன்றும். திவால் தீர்வு தொடங்கிய பிறகு அப்படிக் கழிக்க முடியாது என்பதே விதி என்று, இரண்டு தொலைத்தொடர்புக் குழுமங்களுக்கு இடையிலான வழக்கில் 2024 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விலக்கு இரண்டு: தொடக்க நாளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்ட ஒப்பந்தக் கழிப்பு, ஒரே பரிவர்த்தனையில் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கும் தொகைகள். ஆகவே ஷரத்து இருந்தால் போதாது. ஒவ்வொரு மாத இறுதியிலும் கழித்து, மின்னஞ்சலில் இருப்பை உறுதி செய்து வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு லட்சத்தை முழுதாக ஐ.ஆர்.பி.யிடம் கட்டிவிட்டு, பத்து லட்சத்துக்கு வரிசையில் நிற்க நேரும்.

கடைசியாக, காசோலைகளை ஒரே தொகுப்பாக வைத்திருக்காதீர்கள். இந்த வழக்கில் பதினொன்றும் ஒரே நாளில் திரும்பின. தேதிகளைப் பிரித்து வாங்கி, தேதி வந்ததும் போட்டுவிட்டால், முதல் காசோலை திரும்பும்போதே எச்சரிக்கை கிடைக்கும். முதல் சிலவற்றுக்காவது வழக்கு மூலம் காலத்தில் எழும்.

நோட்டீஸில் கவனிக்க வேண்டியது

அவசரத்தில் அனுப்பும் நோட்டீஸில் தொகை தவறினால் அவசரப்பட்டதே வீண். காசோலைத் தொகையும் நோட்டீஸில் கேட்கும் தொகையும் துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்று 2025 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அந்த வழக்கில் காசோலை ஒரு கோடிக்கு, நோட்டீஸ் இரண்டு கோடிக்கு. தட்டச்சுப் பிழை என்ற விளக்கம் ஏற்கப்படவில்லை. வட்டி, வக்கீல் கட்டணம், வேறு பாக்கி எல்லாம் கேட்கலாம். ஆனால் காசோலைத் தொகையைத் தனி வரியில், ஒவ்வொரு காசோலையின் எண், தேதி, தொகையோடு எழுத வேண்டும்.

சேர்ந்த தேதிக்கு ஆதாரமாக ஸ்பீட் போஸ்ட் டிராக்கிங் பக்கத்தை அன்றே அச்செடுத்து வைக்க வேண்டும். சில மாதம் கழித்துத் தேடினால் இணையத்தில் கிடைக்காது. மார்ச் தீர்ப்புக்குப் பிறகு அந்த ஒரு தாள்தான் வழக்கு மூலத்தின் தேதியைச் சொல்கிறது. 2025 செப்டம்பர் 25 அன்று காசோலை வழக்குகளுக்கென உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களில், குற்றமுறையீட்டோடு ஒரு சுருக்கப் படிவமும் இணைக்கப்பட வேண்டும். அதில் வழக்கு மூலம் எழுந்த தேதிக்கே ஓர் இடம் உண்டு.

தடைக்காலம் வந்துவிட்டது தெரிந்த பிறகு 30 நாள் இன்னும் மீதி இருந்தால் என்ன செய்வது? நோட்டீஸ் அனுப்புவதில் தவறில்லை, அனுப்பாவிட்டால் அந்த முறை திரும்பியதை வைத்து வழக்குப் போடும் கதவு மூடிவிடும். 30 நாள் கெடுவை நீதிமன்றம் மன்னித்து நீட்டிக்கும் வழி சட்டத்தில் இல்லை. ஆனால் செலவு முழுவதையும் அதில் போடாமல், அதே வாரத்தில் ஃபார்ம் பி போக வேண்டும்.

போலீஸ் வழி

138 வழக்கு விழுந்தவர்கள் அடுத்து நினைப்பது, மோசடி, நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதை. இந்த உண்மைகளில் அது எடுபடாது. ஒரே பரிவர்த்தனையில் ஏமாற்றலும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து இருக்க முடியாது என்று 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஏமாற்றலுக்குத் தொடக்கத்திலேயே கெட்ட எண்ணம் வேண்டும். நம்பிக்கை மோசடிக்குப் பொருள் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சரக்குக்கான விலைப் பாக்கி இரண்டிலும் வராது. சிவில் தகராறுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டதற்காக 2025 ஏப்ரலில் ஒரு மாநில அரசுக்கே 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது உச்ச நீதிமன்றம்.

நிலுவை வழக்குகளில்

இப்போது நடுவர் நீதிமன்றத்தில் 138 வழக்கு நிலுவையில் இருந்து, எதிரி மார்ச் தீர்ப்பைக் காட்டினால், கோப்பில் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: நோட்டீஸ் சேர்ந்ததற்கான தபால் சான்று, என்.சி.எல்.டி. அனுமதி உத்தரவின் முதல் பக்கம், காசோலை. சேர்ந்த நாளை விட்டு 15 நாள் எண்ணி வரும் தேதி, உத்தரவுத் தேதிக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். முந்தியது என்றால் வழக்கு இயக்குநர் மீது தொடரும். நிறுவனத்தைத் தடைக்காலத்தால் சேர்க்க முடியாமல் போனதைக் காரணம் காட்டி அவர் தப்பவும் முடியாது. பிந்தியது என்றால் காசோலை யாருடைய கணக்கின் மேல் எழுதப்பட்டது என்று பாருங்கள். இயக்குநரின் சொந்தக் கணக்கு என்றால் 17-வது பிரிவை அவர் துணைக்கு அழைக்க முடியாது. நிறுவனக் கணக்கு என்றால் வழக்கு ரத்தாகும் வாய்ப்பே அதிகம். ஃபார்ம் பி போட்டிருக்கிறதா, ஏற்கப்பட்ட தொகை எவ்வளவு என்று அன்றே தீர்வு நிபுணரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.